தட்டைப் பாதமும் 0.150 புள்ளியும்

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் பெரிய பெண் குளித்துவிட்டு ஈரக்காலோடு ஹாலுக்கு ஓடி வந்தாள். தரையில் அவள் கால் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. நம் பாதத் தடத்தில் உட்பக்கம் ஒரு வளைவு விட்டுப் போகும் இல்லையா, கிருஷ்ண ஜெயந்திக்கு மாக்கோலத்தில் போடுவோமே, அந்த மாதிரி. இவளுடையதில் அந்த வளைவே இல்லை. பாதம் முழுக்க அப்படியே தரையில்.

விஷயம் எங்களுக்குப் புதிது அல்ல. மூன்று வருடம் முன்பு இங்கே கோபர்கைரனேவுக்குப் பக்கத்து செக்டாரில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் அவளைச் சேர்க்கப் போனபோது, அங்கிருந்த பயிற்சியாளர் இரண்டே நிமிடம் காலைப் பார்த்தார். "பிளாட் ஃபுட் சார். டான்ஸ், டிராயிங்னு எதிலாவது சேர்த்து விடுங்க" என்று சொல்லிவிட்டார். தங்கமணிக்குக் கோபம். ஊரில் இருந்து போன் பண்ணிய என் அம்மாவுக்கோ உள்ளூர சந்தோஷம். "பொம்பளப் புள்ளைக்குக் குட்டிக்கரணம் எதுக்குய்யா, காலு கையி ஒடிஞ்சா யாரு பாப்பா?"

அன்றைக்கு ராத்திரி பெண்ணுக்குச் சொல்ல ஆரம்பித்த கதைதான் இது. முழுசாகச் சொல்லி முடிக்க எனக்குப் பல வாரம் ஆனது. பி.காம் படித்துவிட்டு இருபது வருடமாக வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். ஒன்றும் தெரியாமல்தான் ஆரம்பித்தேன். ஆனால் படிக்கப் படிக்க இதில் எனக்குத் தெரிந்த சங்கதி ஒன்று இருப்பது புரிந்தது. ரிஸ்க், அதற்கு உண்டான விலை.

சரி, கதைக்கு வருவோம்.

தீபா கர்மாகர். 1993 ஆகஸ்ட் 9-ல் திரிபுராவின் அகர்தலாவில் பிறந்தவர். அப்பா துலால் கர்மாகர், இந்திய விளையாட்டு ஆணையத்தில் பளுதூக்கும் பயிற்சியாளர். மகளை ஜிம்னாஸ்ட் ஆக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆறு வயதில் கொண்டு போய் விட்டார். குழந்தைக்குத் தட்டைப் பாதம்.

அது ஏன் பிரச்சினை என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. பாதத்தின் அந்த வளைவு ஒரு வில் மாதிரி வேலை செய்கிறது. ஓடி வந்து எம்பும்போது உதைத்துத் தள்ளுகிறது, மேலே இருந்து குதிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்கி வாங்கிக்கொள்கிறது. அது இல்லாவிட்டால் அதிர்ச்சி கணுக்காலுக்கும் முட்டிக்கும் நேராக ஏறும். வில் இல்லாத மாட்டு வண்டியில் போன மாதிரி. (எங்கள் ஊர்ப் பக்கம் அப்படிப் போய் இடுப்பு கழன்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

ஆரம்பத்தில் சொல்லிக் கொடுத்தவர் சோமா நந்தி. பிறகு அவர் கணவர் பிஷ்வேஷ்வர் நந்தி. தட்டைப் பாதம் என்று அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. பாதத்துக்கென்றே தனியாகப் பயிற்சி கொடுத்து, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சரிப்படுத்தினார்கள். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும் பயிற்சிக்கூடம். பழைய ஸ்கூட்டரின் பாகங்களை வைத்துச் செய்த ஸ்பிரிங்போர்டு. எம்பிக் குதிக்கிற பலகைக்கு நல்ல சுருள் வில் வேண்டும், வாங்கப் பணம் இல்லை, ஸ்கூட்டரில் இருக்கிறதே! இதைச் சொன்னதும் என் பெண் ஜன்னல் வழியாக எட்டி, கீழே நிற்கும் என் பழைய ஆக்டிவாவைப் பார்த்தாள் :-)

ஆனால் அகர்தலாவை ஒன்றும் தெரியாத ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சின்ன மாநிலத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழைய சரக்கு. மண்டு தேப்நாத் 1975-க்கான அர்ஜுனா விருது வாங்கியவர், கல்பனா தேப்நாத் 2000-க்கு. இரண்டு பேரும் திரிபுராக்காரர்கள். நந்தியே முன்னாள் ஜிம்னாஸ்ட்தான். ஊரில் கருவி இல்லையே தவிர, கலை தெரிந்த ஆள் இருந்தார்கள்.

நாட்டளவில் பார்த்தால்தான் வறட்சி. இந்தியாவில் இருந்து ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு 1952-ல் இரண்டு பேர், 1956-ல் மூன்று பேர், 1964-ல் ஆறு பேர் போனார்கள். மொத்தம் பதினொரு பேர், எல்லோரும் ஆண்கள். அதற்கப்புறம் ஐம்பத்திரண்டு வருடம் யாருமே இல்லை. பெண்கள் கணக்கு பூஜ்யம். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் அலகாபாத்தின் ஆஷிஷ் குமார் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வாங்கியபோதுதான் இப்படி ஒரு விளையாட்டு இருப்பது நம் செய்தித்தாள்களுக்குத் தெரிந்தது. அந்த டெல்லியில் 17 வயது தீபாவும் இருந்தார், பதக்கம் இல்லாமல். அடுத்த வருடம் ராஞ்சி தேசிய விளையாட்டில் ஐந்து தங்கத்தையும் அள்ளினார். உள்ளூரில் ராணி, வெளியே யாருக்கும் தெரியாது. நம் நாட்டு வீரர்கள் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

இங்கேதான் மதிப்பெண் கணக்கு கதைக்குள் வருகிறது. பொறுமையாகப் படியுங்கள், இது புரிந்தால்தான் மீதி புரியும்.

1976-ல் மாண்ட்ரியாலில் நாடியா கோமனெச் பத்துக்குப் பத்து வாங்கியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் உச்சம் பத்து, அதற்கு மேல் கிடையாது. 2006-ல் அந்த முறையை மாற்றினார்கள். இப்போது இரண்டு தனித்தனி மதிப்பெண். ஒன்று, செய்யும் வித்தை எவ்வளவு கடினம் என்பதற்கு. இதற்கு மேல் வரம்பு இல்லை. இன்னொன்று, அதை எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார் என்பதற்கு. இது பத்தில் ஆரம்பித்து, தப்புக்குத் தப்பு கழியும். இரண்டையும் கூட்டினால் மொத்தம்.

சுத்தம் என்பது சின்ன வயதில் இருந்தே நல்ல கருவி, நல்ல மெத்தை, வருடத்துக்கு நாலு வெளிநாட்டுப் போட்டி என்று பழகினால் வருவது. அமெரிக்கப் பெண்ணுக்கு அது கிடைக்கும். ஸ்கூட்டர் வில்லில் எம்பிய பெண்ணுக்கு அவ்வளவு லேசில் கிடைக்காது. அப்படியானால் அந்த இடைவெளியை எங்கே ஈடுகட்டுவது? கடினத்தில்தான். அதாவது மற்றவர்கள் பயந்து ஒதுங்கும் ஒன்றைச் செய்ய வேண்டும். முதலும் ஜாமீனும் இல்லாதவர் அதிக வட்டிக்குக் கடன் வாங்குவதை நான் தினமும் மேஜைக்கு எதிரே பார்க்கிறேன். அவருக்குத் தைரியம் அதிகம் என்று அர்த்தம் இல்லை. வேறு வாசல் இல்லை, அவ்வளவுதான்.

அந்த வித்தையின் பெயர் ப்ரொடுனோவா. ரஷ்யாவின் எலெனா ப்ரொடுனோவா 1999-ல் செய்து காட்டியதால் அவர் பெயரே வந்தது. 25 மீட்டர் வரை ஓடி வர வேண்டும், பலகையில் எம்பி, 125 சென்டிமீட்டர் உயர மேஜையில் கையை ஊன்றித் தள்ளி, காற்றில் முன்பக்கமாக இரண்டு முழுக் குட்டிக்கரணம் அடித்துக் காலில் இறங்க வேண்டும். முன்பக்கமாகச் சுற்றுவதால் தரை எங்கே வருகிறது என்று கடைசி வரை கண்ணுக்குத் தெரியாது. சுற்று குறைந்தால் முதுகிலோ கழுத்திலோ விழ வேண்டியதுதான். 'மரண வால்ட்' என்று பட்டப் பெயர். போட்டியில் இதைச் செய்து காலில் இறங்கிய பெண்கள் உலகத்திலேயே ஐந்து பேர் என்பார்கள். சிமோன் பைல்ஸ்கூட போட்டியில் இதைத் தொட்டதில்லை.

நந்தியும் தீபாவும் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். மெத்தைகளை அடுக்கி வைத்து, சில மாதங்களில் பழகி, 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இறங்கினார்கள். வெண்கலம். காமன்வெல்த் ஜிம்னாஸ்டிக்ஸில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். 2015-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் வெண்கலம். அதே வருடம் உலகப் போட்டியில் வால்ட் இறுதிக்குப் போய் ஐந்தாவது இடம். 2016 ஏப்ரலில் ரியோவிலேயே நடந்த தகுதிப் போட்டியில் 52.698 எடுத்து ஒலிம்பிக்குக்குத் தேர்வானார். ஐம்பத்திரண்டு வருட இடைவெளி, 52 புள்ளிச் சொச்சம். தற்செயல்தான், ஆனாலும் எங்களை மாதிரி எண்களோடு குடும்பம் நடத்துபவர்கள் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

அந்த வருடம் அகர்தலாவுக்கு இன்னொரு விஷயமும் நடந்தது. ஜூலை 31-ல் அங்கிருந்து டெல்லிக்கு நேரடி ரயில் புறப்பட்டது. அதுவரை அகலப் பாதையில் அந்த ஊரில் இருந்து தலைநகருக்கு ரயில் கிடையாது. இரண்டே வாரத்தில் அந்த ஊர்ப் பெண் ஒலிம்பிக் இறுதியில் நிற்கிறார். ஊருக்கு ரயில் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தாதர் ஸ்டேஷனில் பெட்டியோடு இறங்கிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2016 ஆகஸ்ட் 14, ஞாயிறு. நம் நேரப்படி ராத்திரி பதினொரு மணிக்கு மேல். மறுநாள் சுதந்திர தினம், லீவு. சொசைட்டி வாசலில் கொடிக்கம்பத்துக்குக் கயிறு கட்டிவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தோம். பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது, சோபாவிலேயே தூங்கிப் போனாள். தகுதிச் சுற்றில் எட்டாவதாக, அதாவது கடைசி இடத்தில், ஒட்டிக்கொண்டு இறுதிக்கு வந்திருந்தார் தீபா. நடுவில் ஆகஸ்ட் 9 பிறந்த நாள் வேறு. கவனம் சிதறக் கூடாது என்று நந்தி அவர் போனில் இருந்து சிம் கார்டையே எடுத்துவிட்டார், அப்பா அம்மாவோடு பேச மட்டும் அனுமதி. உடன்பிடிப்பு சிகிச்சையாளர் ஆரம்பத்தில் கூடப் போகவில்லை. இறுதிக்குத் தேர்வான பிறகுதான் அவசரமாக அனுப்பி வைத்தார்கள்.

முதல் வால்ட், கடினம் 6.0, மொத்தம் 14.866. அடுத்தது ப்ரொடுனோவா. ஓடினார், எம்பினார், இரண்டு சுற்று. கால்தான் முதலில் ஊன்றியது, ஆனால் இறங்கின வேகத்தில் உடம்பு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டது. எழுந்து நின்று கையைத் தூக்கினார். கடினம் 7.0, செய்நேர்த்தி 8.266, மொத்தம் 15.266. இரண்டுக்கும் சராசரி 15.066.

பைல்ஸ் 15.966, தங்கம். ரஷ்யாவின் மரியா பசேகா 15.253, வெள்ளி. ஸ்விட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைங்ரூபர் 15.216, வெண்கலம். நம்மவர் நான்காவது. வித்தியாசம் 0.150.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது சராசரியில் உள்ள வித்தியாசம். இரண்டு வால்ட்டையும் சேர்த்தால் 0.300. இறங்கும்போது தடுமாறி ஒரு பெரிய அடி எடுத்து வைத்தால் கழிக்கிற புள்ளி எவ்வளவு தெரியுமா? 0.3. ஒரே ஒரு அடி.

அந்த இறுதியில் ப்ரொடுனோவா முயன்ற இன்னொருவரும் இருந்தார். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிடினா, வயது 41. மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது சிகிச்சைக்காகக் குடும்பத்தோடு ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்து, சில காலம் அந்த நாட்டுக்காக ஆடி 2008-ல் வெள்ளி வாங்கியவர். அன்று இறங்கும்போது உருண்டுவிட்டார், ஏழாவது இடம். ஊரை விட்டு வந்து பிள்ளைக்காக உழைக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், அவரைப் பற்றியும் ஒரு நாள் தேடிப் படியுங்கள்.

திரும்பி வந்த தீபாவுக்கு வரவேற்பு, பரிசுகள், கேல் ரத்னா விருது. ஹைதராபாத்தில் ஒரு பி.எம்.டபிள்யூ காரும். சச்சின் கையால் சாவி. அதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொன்னார்கள். அகர்தலாவின் குறுகலான சாலைகளில் ஓட்ட முடியாது, பக்கத்தில் சர்வீஸ் சென்டரும் இல்லை. இதைப் பலர் கிண்டல் செய்தார்கள். எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் மரியாதை கூடியது. வாங்குவதற்கு முன் பராமரிப்புச் செலவைக் கேட்கிற வாடிக்கையாளர் எனக்கு மாதம் ஒருவர் வந்தாலே அபூர்வம்.

ஆனால் உடம்பின் பராமரிப்புச் செலவு வேறு மாதிரி வந்தது. 2017-ல் ஆசியப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும்போது முட்டியின் முன் குறுக்குத் தசைநார் போனது. ஏப்ரலில் அறுவை சிகிச்சை, அதுவும் நம் மும்பையில். முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிடித்துக்கொண்டிருக்கும் சின்னக் கயிறு அது. அறுந்தால் தானாக ஒட்டாது. உடம்பின் வேறு இடத்தில் இருந்து தசைநார் எடுத்து வைத்துக் கட்ட வேண்டும். பிறகு நடக்கப் பழகி, ஓடப் பழகி, குதிக்கப் பழகி... ஜிம்னாஸ்டுக்குக் குதிக்கிற தைரியம் மறுபடி வருவதுதான் கடைசி. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டி அதில் போயிற்று.

1996 அட்லாண்டாவில் கெர்ரி ஸ்ட்ரக் கணுக்கால் பிசகியும் ஓடிக் குதித்ததை இன்றைக்கும் எல்லோரும் காட்டுகிறார்கள். ஒரு ராத்திரி வீரம் படம் பிடிக்க வசதியானது. மாதக்கணக்கில் முட்டியை மடக்கி நீட்டுவதை யார் படம் பிடிப்பார்கள்? நான் மதிப்பது அதைத்தான்.

இதற்கிடையில் மதிப்பெண் புத்தகமும் மாறியது. ரியோவுக்குப் பிறகு ப்ரொடுனோவாவின் கடினம் 7.0-லிருந்து 6.4 ஆனது. மற்ற வால்ட்டுகளுக்கும் குறைத்தார்கள், இதற்குச் சற்று அதிகமாகவே. ஆபத்தை விலைக்கு வாங்கிப் புள்ளி சேர்ப்பதைத் தடுக்கத்தான் என்று நினைக்கிறேன். சரியான முடிவுதான். ஆனால் ஏற்கெனவே விலை கொடுத்தவருக்கு யாரும் மிச்சத்தைத் திருப்பித் தரவில்லை.

2018 ஜூலை, துருக்கியின் மெர்சின் நகரம், உலகச் சவால் கோப்பை. சுமார் இரண்டு வருடம் கழித்து முதல் சர்வதேசப் போட்டி. 14.150, தங்கம். உலக அளவில் இந்திய ஜிம்னாஸ்ட் ஒருவர் வாங்கிய முதல் தங்கம். அதில் ப்ரொடுனோவா இல்லை. இந்த வரியைப் பெண்ணிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அதோடு வலி தீர்ந்துவிடவில்லை. அடுத்த மாதம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முட்டி மறுபடி படுத்த, வால்ட் இறுதிக்கு வர முடியவில்லை. நவம்பரில் ஜெர்மனியின் காட்புஸில் வெண்கலம். 2019 பாகுவில் முட்டி காரணமாக நடுவிலேயே விலகல். டோக்கியோ ஒலிம்பிக் போயிற்று. அங்கே இந்தியாவின் சார்பில் போனவர் வங்காளத்தின் பிரணதி நாயக்.

பிறகு வந்ததை எழுதாமல் விட்டால் இந்தக் கணக்கு நேர்மையாக இருக்காது. 2021 அக்டோபர் 11-ல் எடுத்த பரிசோதனையில் ஹிஜெனமைன் என்ற தடை செய்த பொருள் இருந்தது. சில மூலிகைகளிலும் சத்து மாவு வகைகளிலும் இருக்கிற சங்கதி. 21 மாதத் தடை, 2023 ஜூலை 10 வரை. எப்படி உடம்புக்குள் போனது என்று தனக்குத் தெரியாது என்றார் தீபா. தண்டனையை ஏற்றுக்கொண்டார். விஷயம் வெளியே வந்தது 2023 பிப்ரவரியில்தான். அதுவரை 'ஏன் எங்கேயும் காணோம்' என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லாமல் இருந்திருக்கிறார்கள். என் பெண் கேட்டாள், "அவங்க தப்பு பண்ணாங்களாப்பா?" உடம்புக்குள் போவதற்கு விளையாடுபவர்தான் பொறுப்பு, விதி அப்படி என்றேன். தெரிந்து செய்தாரா என்பதை நான் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். (அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டப்பாவில் வரும் எந்தப் பவுடருக்கும் பின்பக்க எழுத்தைப் பெண்ணே படித்துப் பார்க்கிறாள்.)

தடை முடிந்த கையோடு ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கான தகுதித் தேர்வில் முதலிடம். ஆனாலும் அனுப்பவில்லை, முந்தைய பன்னிரண்டு மாதச் சாதனையைப் பார்க்கும் விதி இருந்தது. அந்தப் பன்னிரண்டு மாதமும் தடையில் இருந்தவரிடம் எந்தச் சாதனையைத் தேடுவது? வேலை போன வருடத்துக்குச் சம்பளச் சீட்டு கேட்கிற கதை. விதி விதிதான், நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன் என்பதால் ரொம்பப் பேசவில்லை.

முப்பது வயது, முட்டியில் அறுவை சிகிச்சை, தடை, தேர்வு இல்லை. இந்த இடத்தில் யாரும் ஒதுங்கியிருப்பார்கள். 2024 மே 26, தாஷ்கண்ட், ஆசிய சாம்பியன்ஷிப். சுசோவிடினாவின் நாட்டில். 13.566, தங்கம். இரண்டாவதும் மூன்றாவதும் வட கொரியப் பெண்கள். வெள்ளி வாங்கியவர் 13.466. வித்தியாசம் வெறும் 0.100. இந்த முறை சின்ன எண் அவர் பக்கம் இருந்தது. ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்குத் தனிநபர் தங்கம் அதுதான் முதல். அதிலும் ப்ரொடுனோவா கிடையாது. அந்த வெற்றி பாரிஸ் ஒலிம்பிக்குக்கு வழி திறக்கவில்லை. 2024 அக்டோபர் 7-ல், 31 வயதில், ஓய்வு அறிவித்தார்.

எங்கள் வீட்டு நிலவரம்: வாஷியில் வேறு ஒரு வகுப்பு கிடைத்தது. அங்கே இருக்கும் டீச்சர், காலைப் பார்த்துவிட்டு, ஒரு டென்னிஸ் பந்தைக் கொடுத்து உள்ளங்காலால் உருட்டச் சொன்னார். கீழே துண்டை விரித்துக் கால் விரலால் சுருட்டி இழுக்க வேண்டும், தினமும் ஐம்பது தடவை. படிக்கும்போது மேஜைக்கு அடியில் செய்கிறாள். கணுக்கால் ஒரு தடவை சுளுக்கி மூன்று வாரம் வீட்டில் இருந்தாள். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து கூட்டி வரும்போது ஆட்டோவில் என் போனை வாங்கி வீடியோ தேடினாள். ரியோ வைக்கவா என்று கேட்டேன்.

"அது வேண்டாம்பா. தாஷ்கண்ட் வைங்க. இறங்கும்போது காலை எப்படி வெக்கிறாங்கன்னு பாக்கணும்."